வியாழக்கிழமை வண்டி ஓட்டியது நான் இல்லை

என் பெயர், வயது, விலாசம் மூன்றும் இன்று காலை பத்தரை மணிக்கு இதே நிலையத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறபடியே. அந்த வாக்குமூலத்தில் உண்மையாக இருப்பவை அந்த மூன்றும்தான். மற்றதைப் பொய்யென்று தெரிந்தே சொன்னேன். இப்போது மதியம் ஒன்று ஐம்பது. என்னை யாரும் கூட்டிவரவில்லை, நானாகத்தான் வந்தேன். வந்ததும் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தை ஆய்வாளரிடம் வாய்மொழியாகச் சொல்லி, என் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டேன். அவர் ஆட்களை அனுப்பிய பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தோம்.

எழுத்தர் திரும்பவும் கேட்டதால் சொல்கிறேன். வயது நாற்பத்து மூன்று. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தையல் கடைக்கு மேலே பின்பக்கப் படிக்கட்டு ஏறிப் போனால் வரும் ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பெட்டி சைக்கிள் ஓட்டுவது என் தொழில். பிள்ளைகள் என்னைப் பெட்டியக்கா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு இப்போது பெரியவர்களும் அப்படியே கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது அழைத்தால் வேறு யாரையோ என்று நினைத்து நான் போய்க்கொண்டே இருப்பேன். இதெல்லாம் வழக்குக்கு வேண்டாம் என்றார் எழுத்தர். வண்டியின் பேரும் ஆளின் பேரும் ஒன்றாகிப்போனதில்தான் இவ்வளவும் ஆரம்பித்தது, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

சரக்குக் கிடங்குகளுக்குப் பின்னால் தகரக் கொட்டகைகளில் மூட்டை தூக்குகிறவர்களும் சலவை ஆலையில் வேலை செய்கிறவர்களும் குடியிருக்கிறார்கள். அங்கிருந்து பள்ளிக்கூடம் இரண்டரை கிலோமீட்டர். நடுவில் லாரிச் சாலை, நடைபாதை கிடையாது, பேருந்தும் வராது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தச் சாலையில் ஒரு பிள்ளை லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு யாரும் பிள்ளைகளை அனுப்பவில்லை. தலைமையாசிரியை வீடுவீடாகப் போய்ப் பேசியும் நடக்காமல் ஓர் அறக்கட்டளையைப் பிடித்தார். அவர்கள் மூன்று பெட்டி சைக்கிள்கள் வாங்கிக் கொடுத்தார்கள். முன்னால் இரண்டு சக்கரம், அதன் மேல் மரப் பெட்டி, பெட்டிக்குள் எதிரெதிராக இரண்டு பலகை, நான்கு பெல்ட், மேலே மழைக்கு இறக்கிவிடும் பிளாஸ்டிக் கூரை, மேடு ஏற ஒரு சின்ன மோட்டார். முழுக்க ஆரஞ்சு நிறம். அதற்கு முன்பு நான் சைக்கிளில் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தேன். கேன் பேசாது, பிள்ளைகள் பேசும் என்பதைத் தவிர வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். பதினான்கு மாதமாக ஓட்டுகிறேன். ஒரு நாளும் லீவு போட்டதில்லை என்று பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சொல்வார்கள். அதுவும் பொய்தான், அதற்குப் பின்னால் வருகிறேன்.

என் வண்டியில் நான்கு பிள்ளைகள். ஆறு வயதில் இரட்டையர் இருவர், ஏறியதிலிருந்து இறங்கும்வரை ஒருவனை ஒருவன் கிள்ளுவார்கள். அடுத்தது தூங்குமூஞ்சி, பெல்ட் போட்ட மறுநிமிடம் தலை சாய்ந்துவிடும். நான்காவது, இப்போது காணாமல் போயிருக்கும் பெண் குழந்தை. வயது ஏழரை. நாங்கள் அவளை வக்கீல் என்று கூப்பிடுவோம். எதற்கெடுத்தாலும் கேள்வி. சிவப்பு விளக்கில் நின்றால், ரோட்டில் யாருமே இல்லாவிட்டாலும் ஏன் நிற்க வேண்டும் என்பாள். பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வியைப் பிடித்து இழுப்பாள். காலையில் முதலில் ஏறுவது அவள்தான், கொட்டகைகளின் கடைக்கோடியில் இருக்கிற குழாயடியில் நிற்பாள். அவள் அம்மா ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் சலவை ஆலையில் துணி பிரிக்கிறார், காலை ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விடுவார். அதனால் வண்டி வரும்வரை அவள் தனியாக நிற்பாள்.

வக்கீலைச் சேர்த்த அன்று அவள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, இவ அப்பான்னு சொல்லிட்டு யாராவது வந்து கேட்டா குடுத்துராதீங்க. ரெண்டு வருசமா அவனுக்குத் தெரியாம இருக்கோம். இத வேற யார்கிட்டயும் சொல்ல வேண்டாம்க்கா" என்றார். கோடையிலும் அவர் முழுக்கைச் சட்டைதான் போடுவார். ஏன் என்று நான் கேட்டதில்லை. யாரிடமும் சொல்லவில்லை. நான் வாய்க்காரி என்று பெயரெடுத்தவள், இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தை மட்டும் கட்டிக் காத்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டிய ஒரே ஆளிடமும் சொல்லாமல் காத்தேன்.

ஐந்து மாதத்துக்கு முன்பு எனக்கு வலது முட்டி போய்விட்டது. மேடு ஏறும்போது உள்ளே ஏதோ நழுவுவதுபோல் இருக்கும். இலவச மருத்துவமனையில் வியாழக்கிழமை காலையில் மட்டும் முட்டிக்குச் சிகிச்சை தருகிறார்கள், ஏழு மணிக்குப் போனால் ஒன்பதுக்குத்தான் விடுவார்கள். பள்ளிக்கூடத்து விதிப்படி பட்டியலில் பெயர் இருக்கிறவர்தான் வண்டி ஓட்ட வேண்டும், மாற்று ஆள் வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். முட்டி போச்சு என்று எழுதிக் கொடுத்தால் வண்டியும் போச்சு. அதனால் யாருக்கும் சொல்லாமல் வியாழக்கிழமைகளில் வண்டியை என் கொழுந்தனிடம் கொடுத்தேன்.

கொழுந்தன் என்றால் என் கணவரின் தம்பி. முப்பத்து நான்கு வயது, கல்யாணம் ஆகவில்லை, டயர் பஞ்சர் கடை வைத்திருக்கிறான். ஊரில் அவனுக்கு 'சரிண்ணே' என்று பெயர். யார் என்ன கேட்டாலும் அவன் வாயில் அதுதான் வரும். சைக்கிளைக் கொடு என்றால் சரிண்ணே, நாளைக்குக் காசு தருகிறேன் என்றால் சரிண்ணே, கடையைக் கொஞ்சம் தள்ளி வை என்றால் அதற்கும் சரிண்ணே. வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன். என் கணவர் இறந்த பிறகு சொந்தபந்தம் எல்லாம் பதினைந்தாம் நாளே கிளம்பிப்போனது. இவன் மட்டும் தினமும் சாயங்காலம் படிக்கட்டுக்குக் கீழே நின்று, "அண்ணி, ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போவான். ஆறு வருடமாகக் கேட்கிறான். இதை அவனுக்கு ஆதரவாகச் சொல்லவில்லை, நான் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டதற்காகச் சொல்கிறேன்.

முதல் வியாழக்கிழமை கொட்டகைகளில் பிரச்சினை வந்தது. யாரோ ஓர் ஆம்பிளை வண்டியில் வந்திருக்கிறான் என்று இரட்டையரின் அம்மா பிள்ளைகளை ஏற்றவில்லை. வக்கீல் குழாயடியிலிருந்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். அதன் பிறகு அன்று மாலை நான் போய் எல்லா அம்மாக்களையும் கூட்டி வைத்து, "வண்டியப் பாருங்க, ஆளப் பாக்காதீங்க. ஆரஞ்சு வண்டி நம்ம வண்டி. அதுல யாரு உக்காந்திருந்தாலும் நம்ம ஆளுதான்" என்று சொன்னேன். பிள்ளைகளுக்கு அதைப் பாட்டுபோல் சொல்லிக்கொடுத்தேன். நான்கு பேரும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. வக்கீலின் அம்மா மட்டும் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதாங்க்கா" என்றார்.

நான்கு மாதம் ஒரு குறையும் இல்லாமல் போனது. அதன் பிறகு, சென்ற மாதம், வண்டி வாங்கிக் கொடுத்தவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று அறக்கட்டளைக்காரர்கள் வந்து பிள்ளைகளை வண்டியில் வைத்துப் படம் எடுத்தார்கள். வக்கீலின் முகம் வேண்டாம் என்று நான்தான் அவளைத் திரும்பி உட்கார வைத்தேன். யாரோ கூப்பிட, அவள் எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று பார்க்கத் திரும்பியிருக்கிறாள். அந்தப் படம் எங்கெல்லாம் போனது என்று எனக்குத் தெரியாது.

மூன்று வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வக்கீல் பலகையில் உட்காராமல் பெட்டியின் தரையில், என் பக்கம் முதுகை வைத்து உட்கார்ந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, தரையில்தான் ஆட்டம் குறைவு என்றாள். எடைமேடையைத் தாண்டிய பிறகு எழுந்து பலகைக்குப் போனாள். லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் இடம் அது, குழாயடிக்கும் இரட்டையர் வீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே சுவர் நீளமாகப் போகும், காலையில் ஆள் நடமாட்டம் இருக்காது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, மழையே இல்லாதபோது பிளாஸ்டிக் கூரையை இறக்கிவிடச் சொன்னாள். இந்த வெயில்ல உள்ள வெந்துபோவ என்று திட்டினேன். பரவாயில்லை, இறக்குங்கள் என்று அடம் பிடித்தாள். இறக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும், "பெட்டியக்கா, மூணு வருசத்துல ஒருத்தரு மூஞ்சி மாறுமா?" என்று கேட்டாள். எனக்கு முட்டி வலி, மோட்டார் வேறு திணறிக்கொண்டிருந்தது. "என் மூஞ்சியே மாறிப்போச்சு, போவியா" என்றேன். இரட்டையர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. நாலு வயதில் பார்த்த முகத்தை அவள் சரிபார்த்துக்கொண்டிருந்தாள் என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு எனக்கு அவள் வழக்கமான நச்சரிப்பு என்றுதான் பட்டது.

நேற்று, புதன்கிழமை மாலை, இறங்கும்போது அவள் உடனே வீட்டுக்குப் போகாமல் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாளைக்கு யாரு வருவா என்று கேட்டாள். வியாழக்கிழமை, சித்தப்பாதான் வருவார் என்றேன். பிள்ளைகள் என் கொழுந்தனைச் சித்தப்பா என்று கூப்பிடுவார்கள். நீங்களே வரக்கூடாதா என்றாள். முடியாது என்றேன். அப்போது சித்தப்பா நல்லவரா என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "உனக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்? சொல்லு" என்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே, "வண்டியப் பாக்கணும், ஆளப் பாக்கக் கூடாது" என்றாள். அவ்வளவுதான், ஓடு என்று அனுப்பிவிட்டேன். பதினான்கு மாதத்தில் அவள் என்னிடம் கேட்ட கேள்விகளில் நான் பதில் சொல்லாமல் வாயை அடைத்தது அந்த ஒன்றைத்தான்.

இன்று காலை ஏழு மணிக்கு நான் மருத்துவமனையில் இருந்தேன். ஒன்பது மணிக்கு விட்டார்கள். அதன் பிறகு வண்டியை எடுக்க ஒன்பது இருபதுக்குப் பஞ்சர் கடைக்குப் போனேன். கடை பூட்டியிருந்தது. வண்டி கடைக்குப் பின்னால் நின்றது. என் கொழுந்தன் பிள்ளைகள் உட்காரும் பெட்டிக்குள் காலை மடக்கி உட்கார்ந்திருந்தான். முகம் வெளுத்திருந்தது. "அண்ணி, நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்னு நெனைக்கிறேன்" என்றான். அதன் பிறகு அவன் சொன்னதை வரிசைப்படி சொல்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எடைமேடைச் சுவரோரம் ஒரு சாம்பல் நிற வேன் நின்றிருக்கிறது. அதிலிருந்து இறங்கிய ஆள் கைபேசியில், அறக்கட்டளைக்காரர்கள் எடுத்த அந்தப் படத்தைக் காட்டி, இது என் மகள், என் பெண்டாட்டி கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள், ஒரு நிமிடம் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன் என்று அழுதிருக்கிறான். சரிண்ணே என்றிருக்கிறான் என் கொழுந்தன். உங்க அண்ணிகிட்ட சொல்லாதே, அவங்க என் பெண்டாட்டிகிட்ட சொல்லிடுவாங்க என்றதற்கும் சரிண்ணே. அதற்கடுத்த வாரம் அந்த ஆள் பக்கத்தில் வந்து குழந்தைக்குப் பிஸ்கட் பொட்டலம் நீட்டியிருக்கிறான். அவள் வாங்கவில்லை. அன்றைக்கே சாயங்காலம் அந்த ஆள் வேனில் பஞ்சர் என்று கடைக்கு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறான். ரொம்பத் தன்மையான ஆள் அண்ணி என்றான் என் கொழுந்தன். இந்த வார்த்தையைச் சொல்லும்போது அவனுக்கே குரல் இறங்கிப்போனது.

இன்று காலை ஏழு நாற்பதுக்கு அதே இடத்தில் வேன் குறுக்கே நின்றிருக்கிறது. அந்த ஆள் பதறிப்போய் வந்து, சலவை ஆலையில் அவள் அம்மா மேல் கொதிதண்ணீர் கொட்டிவிட்டது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், குழந்தையைப் பார்க்கணும் என்கிறாள், உடனே கூட்டிப்போகணும் என்றிருக்கிறான். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். அவன் பெட்டியில் கிடந்த பெல்ட்டை எடுத்து முறுக்கினான். பதில் சொல்லத் தேவையும் இல்லை.

அவள் என்ன செய்தாள், அழுதாளா, கத்தினாளா என்று கேட்டேன். "ஒண்ணுமே சொல்லல அண்ணி. அம்மாவுக்கு எந்தக் கைல பட்டுச்சுன்னு மட்டும் அந்தாள்ட்ட கேட்டா. அவரு பதில் சொல்லல. அப்புறம் என்னப் பாத்துக்கிட்டே இருந்தா. நான் போம்மான்னேன். பெல்ட்ட அவளே கழட்டிட்டு எறங்கிட்டா. வேன்ல ஏறுற வரைக்கும் திரும்பித் திரும்பி என்னயே பாத்தா அண்ணி" என்றான். அதன் பிறகு அவன் மற்ற மூன்று பிள்ளைகளையும் ஏற்றி, வக்கீலுக்கு இன்றைக்கு லீவு என்று அவர்களிடம் சொல்லி, பள்ளிக்கூட வாசல் சீட்டில் மூன்று பேர் என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டிருக்கிறான். பிறகு மனசு கேட்காமல் சலவை ஆலை வாசலுக்குப் போயிருக்கிறான். அங்கே யாருக்கும் எதுவும் கொட்டவில்லை.

வேன் நம்பர் என்ன என்று கேட்டேன். "நம்பர் பாக்கல அண்ணி. டயர்தான் பாத்தேன்" என்றான். பின்னால் இடது டயர் ரீட்ரெட், தேய்ந்ததன் மேல் புது ரப்பர் ஒட்டியது, அதில் அவன் போட்ட ஒட்டு இரண்டு, பழைய ஒட்டு ஒன்று. முன் டயர்கள் இரண்டும் வேறு வேறு கம்பெனி. பின்கதவில் ஸ்டெப்னி மூடி இல்லாமல் தொங்குகிறது. இவ்வளவு சொன்னவனுக்கு நம்பரில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. பதினேழு வருடமாகக் குனிந்தே வேலை செய்தவன், அவனுக்கு வண்டி என்றால் முழங்காலுக்குக் கீழேதான். அடிக்கக் கை ஓங்கினேன், அடிக்கவில்லை.

அப்போதே இங்கே வந்திருக்க வேண்டும். நடந்து வந்தாலும் பத்து நிமிடம். வரவில்லை. என் கைபேசி ஒன்பது முப்பத்தைந்துக்கு அடித்தது. வகுப்பு டீச்சர். வக்கீல் லீவு போட மாட்டாளே, ஏன் வரவில்லை என்றார். யோசிக்காமல் வாயில் வந்ததைச் சொன்னேன். கால்வாய்ப் பாலத்து மேட்டில் மோட்டார் நின்றுவிட்டது, நான் இறங்கித் தள்ளினேன், நோட்டு விழுந்துவிட்டது என்று அவள் இறங்கியிருக்கிறாள் போலிருக்கிறது, பள்ளிக்கூட வாசலில் எண்ணிப் பார்த்தபோது மூன்று பேர்தான் இருந்தார்கள், அவளைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். வண்டி ஓட்டியது நான் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது எவ்வளவு கச்சிதமாக வந்திருக்கிறது என்று எனக்கே பயமாக இருந்தது. அதன் பிறகு என் கொழுந்தனை என் அறைக்குக் கூட்டிப்போய், வாயைத் திறக்காதே என்று சொல்லி, வெளியே பூட்டினேன். அதற்கும் சரி அண்ணி என்றான். அதன் பிறகு இங்கே வந்து அதே கதையை எழுதிக் கொடுத்தேன். இரட்டையருக்கு யார் ஓட்டியது என்று தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளை யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். யாரும் கேட்கவில்லை.

என்ன நினைத்து இப்படிச் செய்தாய் என்று ஆய்வாளர் கேட்டார். முட்டி விஷயம் வெளியே வந்தால் வண்டி போகும், கொழுந்தன் ஜெயிலுக்குப் போவான், இதுதான் முதலில் மனதில் ஓடியது. அவள் அப்பாதானே, பெற்றவன் என்ன செய்துவிடப் போகிறான், சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொண்டுவந்து விடுவான் என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் எப்படிப்பட்டவன் என்று அவள் அம்மா என்னிடம் சொல்லியிருந்தார். நான் மறந்தேன் என்று சொல்ல மாட்டேன். மறக்கவில்லை.

அதன் பிறகு பதினொரு மணிக்குத் தீயணைப்பு ஆட்கள் வந்து கால்வாயில் இறங்கித் தேடினார்கள். கரையில் கூட்டம். வக்கீலின் அம்மா ஆலைச் சீருடையோடு ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு வியாழக்கிழமையாச்சேக்கா, நீங்களா வந்தீங்க?" என்று கேட்டார். ஆமாம், இன்றைக்கு நான்தான் என்றேன். "நல்லவேளை, நீங்களா இருந்தீங்க" என்றார். என் மேல் தப்பில்லை, அவளுக்குத்தான் ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது என்று எனக்கு ஆறுதல் சொன்னார். கூட்டத்தில் யாரோ எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தேன்.

பன்னிரண்டரைக்கு ஒரு சிறிய செருப்பு கிடைத்தது. கரையில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்தார்கள். வக்கீலின் அம்மா கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, இது அவளுடையது இல்லை என்றார். அந்தக் கரையில் பயப்படாமல் நின்றவள் நான் ஒருத்திதான். அவள் தண்ணீரில் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படிப் பயப்படாமல் நிற்கிறேனே என்று தெரிந்தபோது என் மேல் எனக்கே அருவருப்பு வந்தது.

அதன் பிறகு வக்கீலின் அம்மா முகம் கழுவ அங்கே இருந்த குழாய்க்குப் போனார், நானும் கூடப் போனேன். அப்போதுதான் அவர் முதல்முறையாக என் எதிரில் சட்டைக் கையை மேலே ஏற்றினார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி, பளபளவென்று, வேறு ஆளுடைய தோலை ஒட்டியதுபோல் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "கொதிக்கிற தண்ணிக்கா. அவ அப்பன் பண்ணது. அவ அப்ப என் இடுப்புலதான் இருந்தா" என்றார். பிறகு கால்வாயைப் பார்த்துக்கொண்டு, "இதுல விழுந்திருந்தாக்கூட என்னைக்காவது அழுது முடிச்சுருவேன்க்கா. அவன்கிட்ட மட்டும் மாட்டலன்னு யாராச்சும் சொன்னா போதும்" என்றார்.

எந்தக் கையில் பட்டது என்று வேனருகே வக்கீல் ஏன் கேட்டாள் என்று அப்போது எனக்கு விளங்கியது. அவள் அந்த ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறாள். என் கொழுந்தன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்துக்கொண்டே போயிருக்கிறாள். நான் அங்கிருந்து நேராக இங்கே நடந்தேன். முட்டி வலித்ததா என்று நினைவில்லை.

இந்த இடத்தில் வாக்குமூலம் பன்னிரண்டு நிமிடம் நிறுத்தப்பட்டது. தொலைபேசி வந்ததால் எழுத்தர் எழுந்து போனார். திரும்பி வந்த பிறகு ஆய்வாளர் என்னிடம் சொன்னதை என் வாக்குமூலத்திலேயே சேர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். என் அறையைத் திறந்து என் கொழுந்தனை அழைத்து வந்துவிட்டார்கள், அவன் டயர் விவரங்களைச் சொல்லிவிட்டான். மாவட்ட எல்லைச் சோதனைச் சாவடிக் காட்சிகளில், ஸ்டெப்னி மூடியில்லாத சாம்பல் வேன் ஒன்று பதினொன்று பத்துக்குக் கடந்து போயிருக்கிறது. யாரும் நிறுத்தவில்லை, நிறுத்தச் சொல்லி அவர்களுக்குத் தகவல் இல்லை. அந்த நேரத்தில் இந்த நிலையத்தின் ஆட்களில் பாதிப் பேர் என் பேச்சைக் கேட்டுக் கால்வாயைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். வேனின் உள்ளே பின் இருக்கையில் ஒரு குழந்தை உட்கார்ந்திருப்பது தெரிகிறது என்றார்கள். முகம் தெரியவில்லை. அதற்கு அப்பால் இரண்டு சாலைகள் பிரிகின்றன. எதில் போனது என்று இதுவரை தெரியவில்லை.

என் கொழுந்தன் மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் பொய் சொன்னதில் அவனுக்குப் பங்கில்லை, அது முழுக்க என்னுடையது. பள்ளிக்கூடத்துக்கும் தலைமையாசிரியைக்கும் எதுவும் தெரியாது. என்னை யாரும் அடிக்கவோ மிரட்டவோ ஆசை காட்டவோ இல்லை.

எழுதியதைப் படித்துக் காட்டும்போது கதவைச் சாத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். வெளியே பெஞ்சில் வக்கீலின் அம்மாவைக் கால்வாய்க் கரையிலிருந்து கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பிறகு யாரோ சுருக்கிச் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட முழுசாகக் காதில் விழட்டும் என்று நினைத்தேன். எழுத்தர் உரக்கப் படித்தார். வக்கீலின் அம்மா பாதியில் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. படித்து முடித்ததும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன மணிக்குத் தெரியும் உங்களுக்கு?"

அது ஏற்கெனவே மேலே இருக்கிறது என்று எழுத்தர் சொன்னார். என் வாயால் கேட்க வேண்டும் என்றார் அவர். ஒன்பது இருபது என்றேன். அவர் ஒன்பது இருபதிலிருந்து பதினொன்று பத்துவரை விரல்விட்டு எண்ணினார்.

இந்தக் கேள்வியும் பதிலும் என் வேண்டுகோளின்படி சேர்க்கப்பட்டன. மேலே கண்ட யாவும் நான் சுயநினைவோடு சொன்னவை, எனக்கு உரக்கப் படித்துக் காட்டப்பட்டவை, உண்மை. காலையில் கொடுத்ததை ரத்து செய்து இதில் கையொப்பமிடுகிறேன்.

(கையொப்பம்)
நேரம்: பிற்பகல் 3.05